கமிட்டியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திராதே

சிரஞ்சீவி மருமானுக்கு,

கும்பாபிஷேகம் முடியட்டும், கிரீன் கார்டு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று உங்கள் கோயில் கமிட்டி சொல்வதாக எழுதியிருந்தாய். பகலில் ஆபீஸ், சாயங்காலம் கோயில் என்று ஓடுகிற மனுஷர்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடிகாரம் ஓடுவது உனக்குத்தான். நீ அர்ச்சகராக அமெரிக்கா வந்த ஆர்-1 விசாவில் முதலில் 30 மாதம், நீட்டித்தால் மொத்தம் 5 வருஷம். அதோடு சரி, கிளம்ப வேண்டியதுதான்.

கிரீன் கார்டுக்கான முதல் படியான ஐ-360 மனு போய்ச் சேரும் தேதிதான் உன் பிரையாரிட்டி டேட். அது போகாதவரை வரிசையில் உனக்கு இடமே கிடையாது. அந்த வரிசையும் பழைய வரிசை இல்லை. சிறப்புக் குடியேறிகள் என்ற நாலாம் பிரிவுக்கு வருஷத்துக்குச் சுமார் 9,940 விசாதான். அர்ச்சகர், பாதிரியார், இமாம், அமெரிக்கத் தூதரகங்களில் நெடுங்காலம் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள், பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். எல் சால்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாட்டு மனுக்களுக்கு (பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுடையவை) தனி வரிசை இருந்தது. 2023 ஏப்ரலில் அதைப் பொது வரிசையோடு சேர்த்தார்கள். ஒரே நாளில் எல்லோரும் வருஷக்கணக்கில் பின்னுக்குப் போனோம். நியூஜெர்சியில் பேட்டர்சன் கத்தோலிக்க மறைமாவட்டம் 2024-ல் இதற்காக வழக்கே போட்டது. 2025-ல் பிப்ரவரி கடைசியிலேயே அந்த நிதியாண்டு விசா தீர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளால்தான் நமக்குத் தாமதம் என்று சில சாமிகள் பேசுகிறார்கள். நீ அப்படிப் பேசாதே. அப்பா அம்மா கைவிட்ட குழந்தை வேறு எங்கே போய் நிற்கும்?

இரண்டு வருஷம் இங்கே வேலை பார்த்தால்தான் மனு என்று கமிட்டியில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். தப்பு. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷம் விடாமல் இந்தக் கைங்கரியத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஊரில் பூஜை செய்த காலமும் அதில் சேரும். ஆக, நீ வந்து இறங்கியதுமே போட்டிருக்கலாம். இன்னும் தள்ளாதே. மனுவை நீயே கூடப் போடலாம், ஆனால் கோயில் கையெழுத்திட்ட உறுதிமொழி இல்லாமல் செல்லாது. அதனால் கமிட்டியோடு சண்டை வேண்டாம். காகிதங்களையெல்லாம் தயாராக எடுத்துக்கொண்டு போய், பொருளாளர் முன்னால் வைத்துக் கையெழுத்து வாங்கு.

தட்சிணை விஷயம் இதைவிட முக்கியம். கிரகப்பிரவேசம் முடிந்து காரில் ஏறும்போது கையில் கவர் திணிப்பார்கள். உள்ளே 101 டாலர் இருக்கும். அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் ஆர்-1-ல் இருப்பவன் தனக்கு விசா கொடுத்த கோயிலுக்கு மட்டுமே வேலை செய்யலாம். வீட்டு விசேஷம் என்றால் கோயில் ஆபீசில் புக் பண்ணச் சொல். ரசீது கோயில் பேரில் இருக்கட்டும். உனக்கு உள்ள பங்கு சம்பளத்தோடு வரட்டும். பக்கத்து ஊர்க் கோயிலில் சனி ஞாயிறு வந்து உதவச் சொல்வார்கள், அங்கேயும் போகாதே. சம்பளம் செக்காகத்தான் வர வேண்டும், டபிள்யூ-2 என்கிற சம்பள வரிப் படிவம் கையில் இருக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் கோயில் தருகிறது என்றால் அதையும் நியமனக் கடிதத்தில் எழுதச் சொல். வேலை நேரம் வாரத்துக்குச் சராசரி 35 மணிக்குக் குறையக் கூடாது. குடியுரிமைத் துறை ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் கோயிலுக்கே வந்து பார்ப்பார். மனுவில் அர்ச்சகர் என்று எழுதியிருக்க, நீ பார்க்கிங்கில் கார் ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்?

உன் ஆசார்யாபிஷேகம் என்ன என்று அந்த ஆபீசருக்குத் தெரியாது. தீட்சை கொடுத்த குருவிடமிருந்து எங்கே, எப்போது, எத்தனை வருஷம் படித்தாய் என்று விவரமாகக் கடிதம் வாங்கு. பாடசாலைச் சான்றிதழும் வேண்டும். தமிழிலோ கிரந்தத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்தும் கூடவே போக வேண்டும்.

பிரசாத வரிசையில் நிற்கும் சாப்ட்வேர் பையன்கள், "ரெண்டு பாரத்தையும் சேர்த்தே போட்டுடுங்க சாமி" என்பார்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் அவர்கள் வழி வேறு. நமக்கு ஐ-360 பாஸாகி, விசா புல்லட்டினில் தேதியும் வந்த பிறகுதான் ஐ-485 என்கிற கிரீன் கார்டு விண்ணப்பம். நடுவில் கோயில் மாறினால் மனுவைப் புதிதாகப் போட வேண்டும். சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்று யாராவது கூப்பிட்டால் இதை நினைத்துக்கொள்.

உன்னோடு இருக்கும் பரிசாரகர் தனக்கும் இதே வழிதானா என்று கேட்டாராமே. இல்லை என்று சொல். அர்ச்சகருக்கு உள்ள வழி நிரந்தரம். மற்ற கைங்கரியக்காரர்களுக்கு வருஷத்துக்கு 5,000 பேர்தான் உச்சவரம்பு. அதற்கும் அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வப்போது கெடு நீட்டித்தால்தான் உயிர். அவர் தனியாக வக்கீலைப் பார்க்கட்டும்.

லீவில் ஊருக்குப் போய்வந்த போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதே. வெளியே இருந்த நாள் அந்த 5 வருஷக் கணக்கில் சேராது, ஆனால் காட்ட ருசு வேண்டும். உன் ஆம்படையாளுக்கு, குடும்பத்தாருக்குக் கொடுக்கும் ஆர்-2 விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. யாராவது பகல்நேரப் பள்ளியில் உதவிக்குக் கூப்பிட்டால் சம்பளம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவை.

ஊர்க் கோயிலில் நீ எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை பூஜையில் இருந்தாய், என்ன சம்பளம் என்று நிர்வாக அதிகாரியிடம் கடிதம் வாங்க உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும் என்றாள். வந்ததும் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
மாமா