வாய்க்காலும் கிணறும்: ஊரார் கூடி நீர் காத்தல்

நெற்செய்கைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் நீர் இன்றியமையாதது என்பதைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விதையினத்தை மாற்றலாம், பசளையைக் கூட்டலாம், குறைக்கலாம், களையைப் பிடுங்கலாம். இவை யாவும் ஒருவர் தம் வேலிக்குள் தாமே செய்துகொள்ளத்தக்கவை. நீர் அத்தகையதன்று. அது ஒருவர் வரம்பைக் கடந்தே மற்றொருவர் வயலை அடைகின்றது. ஒருவர் கிணற்றடியினின்று மற்றொருவர் கிணற்றடிக்கு மண்ணுள் ஊர்ந்து செல்கின்றது. ஆதலின் நீரைக் காக்கும் வேலை தனியாள் வேலையாக அமைய மாட்டாது.

இறக்கக்கண்டியிலும் அயலிலுள்ள நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளிலும் பயிர்செய்வோர் இவ்விடயத்தை ஏனையோரினும் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியவர்கள். இங்கே ஒருபுறம் கடல், மறுபுறம் கடனீரேரி. இடையிலுள்ள மணற்றரையில் வடகீழ்ப் பருவமழை இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. உப்புநீர் பாரங்கூடியது, நன்னீர் பாரங்குறைந்தது. எனவே ஒன்றன்மேல் ஒன்று மிதந்து நிற்கும். நமது கிணறுகள் இந்தப் படையினின்றே நீர் பெறுகின்றன.

மணற்கரைகளுக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை உப்புநீரை அது அமிழ்த்தி வைத்திருக்கும். மேலே அரையடி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், கீழே இருபதடி உப்பு மேலேறும். இறைப்பவர் காண்பது கிணற்றின் மேல்மட்டத்தை மட்டுமே. கீழே நிகழ்வது அவர் கண்ணுக்குத் தெரியாது. நீரிறைக்கும் இயந்திரத்தை இராப்பகலாக ஓட்டுபவரின் கிணறு மாத்திரம் உவர்க்குமாயின், அது அவரது நட்டம் என்று விட்டுவிடலாம். அடுத்த காணிக்காரரின் கிணறும், பாடசாலைக் கிணறும், குடிநீர்க் கிணறும் சேர்ந்தே உவர்க்கின்றன என்பதுதான் இதிலுள்ள கேடு.

2004 மார்கழி 26 இல் வந்த ஆழிப்பேரலையின் பின்னர் இது வெளிப்படையாகத் தெரிந்தது. கிழக்குக் கரையெங்கும் கிணறுகள் உவர்த்தன. நல்லெண்ணத்தோடு அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்திகரித்தார்கள். ஆயினும் கிழக்குக் கரையோர ஊர்களிற் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வுகள், ஓயாது இறைத்ததனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்றும், அடுத்தடுத்த பருவமழைகளே உப்பைக் கழுவிச் சென்றன என்றும் காட்டின. ஒரு கிணற்றை மட்டும் தனியே திருத்திவிட முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, ஊரார் கூடி நீரைக் காப்பது எங்ஙனம்? கூட்டம் கூட்டித் தலைவர், செயலாளர், தனாதிகாரி ஆகியோரைத் தெரிவுசெய்து, யாப்பை எழுதி, அத்துடன் நின்றுபோன சங்கங்கள் நம் ஊர்களிற் பல. அவ்வாறன்றி உண்மையிற் பயன் தந்த முயற்சியொன்று நமது கிழக்கு மாகாணத்திலேயே நடந்தது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

அம்பாறை மாவட்டத்தில் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம், சுதந்திரத்தின் பின் இலங்கையில் எழுந்த முதலாவது பெருங்குடியேற்றத் திட்டமாகும். அதன் குளமாகிய சேனாநாயக்க சமுத்திரம் ஏறக்குறைய 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளத்தக்கது. இத்தனை பெரிய குளம் இருந்தும், முப்பதாண்டு கழிவதற்குள் இடதுகரை வாய்க்கால்கள் சீர்குலைந்தன. நீரை அளந்துவிடும் கதவுகளிற் பெரும்பாலானவை உடைந்தோ, உடைக்கப்பட்டோ கிடந்தன. தலைமடையில் இருந்தோர் வேண்டியதற்கும் மிகையாக நீரெடுக்க, கடைமடையில் இருந்தோர் வெடித்த வயலைப் பார்த்திருந்தனர். தலைமடையிற் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைமடையிற் பெரும்பாலும் தமிழ்க் கமக்காரர். 1956 ஆம் ஆண்டு கலவரத்தில் இரத்தம் சிந்திய மண் அது. அங்கே நீர்த் தகராறு வெறும் நீர்த் தகராறாக நில்லாது என்பதை யாவரும் அறிவர்.

இந்நிலையில் 1981 ஆம் ஆண்டு கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகள் சிலரை ஊர்களுக்கு அனுப்பின. அவர்களிற் பெரும்பாலோர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையில் எந்த யாப்பும் இல்லை. வயல் வயலாக நடந்து, வீடு வீடாக இருந்து, "உங்கள் வாய்க்காலில் உங்களுக்குள்ள இடர் யாது?" என்று வினவுவதே அவர்களின் முதல் வேலை. அவ்வாண்டுச் சிறுபோகத் தொடக்கத்திற் குளத்தில் நீர் மிகக் குறைவு. புதுமுயற்சிக்கு இதனினும் பொல்லாத காலம் வாய்த்திராது என்றே எவரும் கருதியிருப்பர். ஆனால் அந்த இடரே மக்களைக் கூட்டியது.

ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறுவோர், பத்து முதல் இருபது பேர் வரை, ஒரு குழுவாயினர். முதலில் மண்வெட்டி எடுத்துப் பல ஆண்டாகத் தூர்ந்துகிடந்த வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். அடுத்து, நீரை முறைவைத்துப் பாய்ச்சினர். அதன் பின் நிகழ்ந்ததுதான் அதிகாரிகளையே வியக்கச் செய்தது. முறைவைத்ததனால் மிஞ்சிய நீரைத் தலைமடைக் குழுக்கள் தாமாகவே கீழேயுள்ளோருக்கு விட்டுக்கொடுத்தன. எவரும் ஆணையிடவில்லை, கூலியும் கொடுக்கவில்லை.

குழுவின் பிரதிநிதியைத் தெரிந்த முறையும் கவனிக்கத்தக்கது. அவர்கள் வாக்கெடுப்பு வைக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தால் வென்ற பக்கம், தோற்ற பக்கம் என இரண்டாகிவிடும். இருபது பேர் உள்ள வாய்க்காலில் அது ஆகாது. யாவரும் பேசி, யாவருக்கும் சம்மதமான ஒருவரை ஏற்றனர். அவருக்குச் சம்பளம் இல்லை. கட்சி அரசியல் வாய்க்காற் கரைக்கு வரலாகாது என்பதும் உடன்பாடு. வயல் வாய்க்காற் குழுக்களின் பிரதிநிதிகள் கூடிக் கிளைவாய்க்கால் அமைப்பாகவும், அதற்கு மேலும் படிப்படியாக வளர்ந்தனர். வேலை முந்தியது, அமைப்பு அதன் பின்னரே வந்தது. நமது நாட்டுச் சங்கங்கள் பலவற்றில் இவ்வொழுங்கு தலைகீழாக இருப்பதை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை.

குறையும் இருந்தது. ஊர்களில் அமர்த்தப்பட்ட இளைஞருக்கு நிரந்தர நியமனம் இல்லை. ஆசிரியர் பதவிகள் கிடைத்தபோது பலர் விலகிச் சென்றனர். அத்துடன் முயற்சி அழிந்துவிடும் என்று சிலர் எண்ணினர், அழியவில்லை. 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்திற்கு நெல் விதைக்கப் போதிய நீர் குளத்தில் இல்லை எனக் கமக்காரருக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் தமது அமைப்புகள் வழியாக நீரை மேலும் கீழும் ஒப்பப் பங்கிட்டு, 65,000 ஏக்கரில் நெல் விளைவித்தனர். விளைச்சலும் வழக்கமான சராசரிக்கு மேலாகவே இருந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் துப்புரவு செய்த வாய்க்காலின் பயன் அன்று கிடைத்தது எனலாம்.

இம்முறை வெளிநாட்டவர் கற்பித்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. நீர் குறைந்த ஆண்டிற் குளத்தை அண்டிய வயலை மட்டும் விதைத்து, அதனை எல்லாக் காணிக்காரருக்கும் தற்காலிகமாகப் பங்கிடும் 'பெத்ம' வழக்கம் இந்நாட்டிற் பழங்காலந்தொட்டு உள்ளது. கிழக்கில் வட்டவிதானையின் பொறுப்பும் விதைப்புக்கு முந்திய ஆரம்பக் கூட்டமும் அத்தகையனவே. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியம் நீங்கியது நன்று. ஆனால் குளங்களைப் பேணவைத்த ஒழுங்கும் அதனுடன் தளர்ந்தது. 1856 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்கங்களை மீண்டும் நிலைநாட்ட முயன்றது. 1958 இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று நடைமுறையிலுள்ளது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்; கமக்காரர் அமைப்புகள் பதிவுபெறுவது அதன் கீழேயே. சட்டம் இடங்கொடுக்கும், வாய்க்காலை வெட்டித்தராது.

கல்லோயாவிற் பெரிய குளம் உண்டு. நமது கரையோரத்தில் மரக்கறிக்கு நீர் தருவது கிணறு. அப்படியாயின் அந்த முறை இங்கே பொருந்துமா எனக் கேட்கலாம். பொருந்தும், வாய்க்காலுக்குப் பதிலாகக் கிணற்றுத் தொகுதியைக் கொள்ள வேண்டும். அடுத்தடுத்த தோட்டங்களில் இறைப்போர் பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. தலைமடை, கடைமடை என்ற வேறுபாடு இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கடலுக்கோ கடனீரேரிக்கோ அண்மையிற் கிணறு உள்ளவரே பெரும்பாலும் முதலில் உவர்ப்பைக் காண்பார். அவரே நமது கடைமடைக்காரர். குழுவில் அவரது சொல்லுக்கு முதலிடம் கொடுத்தல் வேண்டும். பெண்களையும் கூட்டத்திற்கு அழைத்தல் அவசியம். காணி உறுதி ஆணின் பெயரில் இருக்கலாம். கிணற்று நீரின் சுவை மாறியதை முதலில் அறிபவர் அதில் உலைவைப்பவரே.

முதல் வேலை இறைப்பை முறைப்படுத்துதல். ஆழக் கிணறு வெட்டுவதும், இருக்கும் கிணற்றை மேலும் தோண்டுவதும் மணற்கரையில் உப்பைத் தேடிப்போவதற்கு ஒப்பானவை. ஒரே கிணற்றிற் பெரிய இயந்திரத்தை நெடுநேரம் ஓட்டுவதிலும், ஆழங்குறைந்த பல கிணறுகளிற் சிறிது சிறிதாக இறைத்து இடையிடையே ஓய்வு கொடுப்பது சிறந்தது. அயற்கிணறுகள் யாவற்றிலும் ஒரே வேளையில் இறைக்காதபடி நாள்முறை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். காலையிலோ மாலையிலோ இறைத்தால் வெயிலில் ஆவியாகும் நீர் குறையும். பாத்திகளுக்கு வைக்கோல், செத்தை முதலியவற்றால் மூடாக்கு இடுவோர் இறைப்பு முறைகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம்.

பயிர்த் தெரிவும் குழுவிற் பேசவேண்டிய காரியமே. வெங்காயம் உப்பை மிகக் குறைவாகவே பொறுக்கும். நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமன்சைத் தாண்டும்போதே அதன் விளைச்சல் குறையத் தொடங்கும், 1.8 ஆகும்போது காற்பங்கும், 2.9 ஆகும்போது அரைப்பங்கும் இழக்கப்படும். போஞ்சி வெங்காயத்திலும் மென்மையானது. தக்காளி 1.7 வரையிலும் நெல் 2.0 வரையிலும் தாங்கும். எனவே உவர்ப்பேறிய மூலையில் வெங்காயத்தை நட்டு நட்டப்படுவதை விட, அவ்விடத்திற் பொறுக்கும் பயிரை இட்டு வெங்காயத்தை உட்பக்கத்திற்கு நகர்த்தலாம்.

மணற்றரையில் இடும் யூரியாவில் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்றுக்கு இறங்குகின்றது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் மரக்கறி, வெங்காயச் செய்கை நெருங்கிய இடங்களிற் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்போத்தற் குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. யூரியாவை ஒரே தடவையில் இடாது, சிறு சிறு பங்காகப் பிரித்து இடுக. தொழுவெருவை அதனுடன் சேர்த்துக்கொள்க. இட்ட அன்று மிகையாக நீர் பாய்ச்சாதீர்கள். ஒருவர் இதனைக் கைக்கொண்டு அயலார் கைக்கொள்ளாவிடில், அக்குடும்பம் குடிப்பது அயலாரின் யூரியாவையே.

கடனீரேரிக் கரையிலுள்ள கண்டற் செடிகளை வெட்டாது காப்பதும், மணல் அள்ளுவதைத் தடுப்பதும் குழுவின் கருமத்திற் சேரும். மணல் போனால் மழைநீரைத் தாங்கும் பஞ்சு போனதாகும். இவ்விடயங்களில் மீனவரையும் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை வெட்டும் வேளை பற்றி, வயல் மூழ்கிய உழவருக்கும் இறாலை எதிர்பார்த்திருக்கும் மீனவருக்கும் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. ஒரு தொழிலார் மட்டும் கூடி எடுக்கும் முடிவு மறு தொழிலாரின் அடுப்பை அணைத்துவிடக்கூடும்.

வெளியார் ஒருவரால் நீர் கெடும்போது குழு என்ன செய்யலாம்? யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தினின்று கழிவெண்ணெய் கலந்ததாகக் கிணறுகள் பாதிக்கப்பட்டபோது, மக்கள் 2015 ஆம் ஆண்டளவில் வீதியில் இறங்கி முறையிட்டனர். தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2019 சித்திரையில் அந்நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா வழங்கும்படி மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நான்கு ஆண்டு சென்றது. இத்தகைய வழக்கில், எந்தக் கிணற்றில், எந்நாளில், எவ்வளவு மாற்றம் காணப்பட்டது என்று முன்னரே எழுதிவைத்தோரின் சொல்லே நிற்கும்.

எனவே குழுவுக்கு ஒரு கொப்பி வேண்டும். கிணறு ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, கிணற்றுக் கட்டிலிருந்து நீர் மட்டம் வரையுள்ள ஆழத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, நாளுடன் பதிவு செய்க. மின்கடத்துதிறன் அளக்கும் கருவி சிறியது. குழு பங்குபோட்டு வாங்கத்தக்கது. இல்லாதவிடத்து, நீரைப் போத்தலில் எடுத்துக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பரிசோதிக்க ஒழுங்குசெய்யலாம். முதல் அளவை மழை ஓய்ந்த மாசி மாதத்தில் எடுக்க வேண்டும்; இரண்டாவதை வெங்காயம் நடுமுன் எடுக்கலாம்; மூன்றாவதைப் புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன்னர், நீர் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் எடுக்க வேண்டும். கொப்பியைத் தலைவர் வீட்டுப் பெட்டியில் வைக்காது, எவரும் புரட்டிப் பார்க்கத்தக்க பொது இடமொன்றில் வைத்திருங்கள்.