கூடி வாழ்தலும் நோய்க்காப்பும்

நுழையும்முன்

பள்ளிக்கல்வியை முடித்து உயர்கல்விக்குச் செல்லும் இளையோர் புதிய ஊரையும் புதிய நட்பையும் அடைகின்றனர். வகுப்பறை, விடுதி, உணவுக்கூடம், பேருந்து ஆகியன அவர்களை ஒன்று சேர்க்கின்றன. அவ்வாறு சேரும் இடங்களே தொற்றுநோய் பரவுவதற்கும் வழியாகின்றன. தன்னலம் பேணுதல் எவ்வாறு பிறர்நலம் காக்கும் கடமையாகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நோய்முதல் அறிதல்

நோய் இன்னதென அறிந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. பருவக் காய்ச்சலுக்கும் இந்நெறி பொருந்தும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால், மழையில் நனைந்ததே காரணம் என்று பலர் கூறுவர். உண்மையில் இன்புளூயன்சா என்னும் வைரஸே இக்காய்ச்சலைத் தோற்றுவிக்கிறது. சன்னல்களை அடைத்துக்கொண்டு மக்கள் நெருங்கியிருப்பதால் அவ்வைரஸ் எளிதில் பரவுகிறது. நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் அருகில் இருப்பவரை அடைகின்றன. அத்துளிகள் படிந்த பொருள்களைத் தொட்ட கையால் கண்ணையோ மூக்கையோ வாயையோ தொட்டாலும் நோய் தொற்றலாம்.

வைரஸ் உடலுக்குள் புகுந்த 1 முதல் 4 நாள்களுக்குள் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றும். அவை தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும். தோன்றியபின் 5 முதல் 7 நாள்கள் வரையிலும் பரப்பக்கூடும். நலமுடன் இருப்பதாகத் தோன்றுபவரும் நோயைச் சுமந்து வரலாம் என்பதால், காய்ச்சல் வந்தபின் காட்டும் கவனம் மட்டும் போதாது. நோய்க்காப்பு அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

கப்பலில் வந்த காய்ச்சல்

மனிதர் செல்லும் வழியிலேயே நோயும் செல்கிறது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1957ஆம் ஆண்டு ‘ஆசியக் காய்ச்சல்’ எனப்பட்ட புதிய வகை இன்புளூயன்சா உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பலின் வழியாக அது இந்தியாவுக்குள் நுழைந்தது. பல நாள் ஒரே கப்பலில் நெருங்கிப் பயணம் செய்தவர்களிடையே நோய் முன்னரே பரவியிருந்தது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகப் பதிவு செய்யப்பட்டது. அவர்களுள் 1,098 பேர் உயிரிழந்தனர்.

ஓர் உணவுக்கூடம் கற்பித்த பாடம்

கப்பலைப் போன்றே கல்லூரி விடுதியும் பலர் ஒன்றாக உண்டு உறங்கும் இடம். கொரோனா ஊரடங்கு தளர்த்தப்பட்டபின், 2020ஆம் ஆண்டு இறுதியில் கல்லூரிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திற்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர் திரும்பியிருந்தனர். அங்கு டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதிக்குள் 100க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. நோயுற்றோருள் மாணவர்களுடன் உணவுக்கூடப் பணியாளர்களும் இருந்தனர்.

மாணவர்கள் உணவுக்கூடத்தில் நெருக்கமாகக் கூடியதும், முகக்கவசம் அணிவதில் நெகிழ்ந்ததும் பரவலுக்குத் துணைசெய்ததாக நலவாழ்வுத் துறையினர் கண்டறிந்தனர். உண்ணும்போது முகக்கவசத்தை அகற்றியே ஆகவேண்டும். உரையாடலும் அப்போதுதான் மிகும். வகுப்பறையில் காத்த இடைவெளி உணவு மேசையில் மறைந்துபோவது இயல்பு.

பின்னர் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் கருதத்தக்கன. விடுதியில் இருந்த அனைவருக்கும் பரிசோதனை செய்யப்பட்டது. ஆய்வகங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. உணவு பொட்டலங்களாக அறைகளுக்கே அனுப்பப்பட்டது. நோயுற்றவர்கள் கிண்டி கிங் நிலையத்தில் சிகிச்சை பெற்றனர். நோய் பரவிய வழி எதுவென அறிந்ததனால் அவ்வழியை அடைக்க முடிந்தது.

சிற்றூரிலிருந்து கல்லூரி வரை

விடுதியில் தங்காத மாணவர்க்கும் இப்பாடம் உரியதே. விருதுநகர் மாவட்டத்தின் சோழபுரம் போன்ற ஊர்களிலிருந்து இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிக் கல்லூரிகளுக்குச் செல்வோர் நாள்தோறும் பேருந்தில் பயணம் செய்கின்றனர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது பேருந்தின் சன்னல் திரைகள் இறக்கப்படுகின்றன. படிக்கட்டு வரை கூட்டம் நிற்கிறது. காலையில் ஒருவரிடமிருந்து தொற்றும் நோய் மாலையில் மற்றொரு வீட்டை அடைந்துவிடுகிறது.

அவ்வீட்டில் முதிர்ந்த பாட்டியோ, கருவுற்ற அக்காவோ, பால்குடிக்கும் குழந்தையோ இருக்கலாம். நூற்பாலையில் நாள் கூலி பெறும் தந்தை இருக்கலாம். இளைஞருக்குச் சில நாளில் நீங்கும் காய்ச்சல், முதியவர்க்கு நுரையீரல் அழற்சியாக முற்றலாம். உழைப்பவர்க்கு ஊதிய இழப்பாக முடியலாம். எனவே, ஒரு மாணவர் தம் நோயின் கடுமையை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது.

தடுக்கும் வழிகள்

சோப்பிட்டு 20 நொடியேனும் கைகளைக் கழுவுதல் எளிய காப்பு. இருமும்போதும் தும்மும்போதும் கைக்குட்டையாலோ முழங்கையின் உட்புறத்தாலோ வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். குவளை, துண்டு ஆகியவற்றைப் பிறருடன் பகிர்தல் கூடாது. அறைகளில் காற்றோட்டம் இருக்கவேண்டும். வைரஸின் தன்மை மாறிக்கொண்டே இருப்பதால் இன்புளூயன்சா தடுப்பூசியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவரின் அறிவுரைப்படி அதனைச் செலுத்திக்கொள்ளலாம்.

காய்ச்சல் கண்டவர் வீட்டிலோ தனியறையிலோ ஓய்வெடுப்பது இன்றியமையாதது. வருகைப்பதிவு குறையும், தேர்வு தவறும் என்ற அச்சத்தால் காய்ச்சலை மறைத்து வகுப்புக்கு வருவோர் உளர். அந்த அச்சத்தைப் போக்குவது கல்வி நிறுவனத்தின் கடமை. உண்மையைச் சொல்வது மாணவரின் கடமை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், குறையாத காய்ச்சல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பவை. இன்புளூயன்சா வைரஸை அவை அழிப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கி உண்பது தீங்கு தரும். ஒவ்வொரு நோய்க்கும் பரவும் வழி வேறு. ஒருவகை மஞ்சள் காமாலை மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுகிறது. டெங்குவை ஏடிஸ் கொசு பரப்புகிறது. வழிக்கேற்பவே காப்பும் அமையவேண்டும்.

பேணுவோரும் மருந்தே

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்கிறார் வள்ளுவர். பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வாழும் மாணவர்க்கு அந்த நான்காமவர் அறைத்தோழரே. முகக்கவசம் அணிந்து அறை வாயிலில் கஞ்சியும் வெந்நீரும் வைப்பதும், விடுதிக் காப்பாளருக்குத் தெரிவிப்பதும், தவறிய வகுப்பின் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுப்பதும் அவர் செய்யத்தக்க உதவிகள். அத்தகைய தோழமை கிடைக்குமென்று நம்புபவர் தம் காய்ச்சலை மறைக்கமாட்டார். மறைக்கப்படாத நோய் விரைவில் தடுக்கப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலும் பள்ளிக்கு வரும் வழியிலும் தொற்றுநோய் பரவ வாய்ப்புள்ள இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றிற்கான தடுப்பு முறைகளை எழுதுக.

2. ‘காய்ச்சலை மறைத்துத் தேர்வு எழுத வருவது சரியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரைக் கண்டு, மழைக்கால நோய்கள் குறித்து நேர்காணல் நிகழ்த்தி அறிக்கையாகத் தருக.