ஸ்கானர் வாங்குமுன் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்த இடத்தில் பழைய வான் ஒன்றை வாங்கி, சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒருநாள் சாரதிக்கு முன்னால் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கும். கராஜில் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் வரும். "பிழை காட்டும் ஸ்கானரை நாங்களே வாங்கினால் என்ன?" என்றும் தோன்றும். வாங்கலாம். ஆனால் காசு கொடுக்குமுன் பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

1. எமது வாகனத்துக்குப் பொருந்துமா?

ஸ்கானர் எஞ்சினுடன் அல்ல, எஞ்சினை நடத்தும் கணினியுடனேயே பேசுகிறது. எனவே இரண்டு சில்லு உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், காபரேற்றர் உள்ள ஓட்டோ, கணினி இல்லாத பழைய டீசல் லொறி என்பவற்றுக்கு இது உதவாது.

கணினி உள்ள வாகனங்களில் பெரும்பாலும் ஸ்ரியரிங்கின் கீழ் 16 துளைகள் கொண்ட இணைப்பு இருக்கும். ஓ.பி.டி. 2 எனும் பொது முறை அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதல் இத்தகைய முறை வந்தது. ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த பழைய வாகனங்களில் துளைகள் ஒத்திருந்தாலும் கணினி அந்தக் கம்பனியின் தனி மொழியைப் பேசலாம். ஆகவே உங்கள் வாகனத்தில் செருகிப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.

2. எந்த வகை?

(அ) கைத்தொலைபேசியுடன் புளூடூத் மூலம் இணையும் சிறு செருகி. மலிவானது, ஆனால் தரமற்ற போலிகள் அதிகம்.

(ஆ) திரையுள்ள கைக்கருவி. பிழைக் குறியீட்டை வாசிக்கும், அழிக்கும். எஞ்சின் ஓடும்போதே வெப்பநிலை முதலிய அளவுகளைக் காட்டுவதாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் திருத்துவோருக்கு இது போதும்.

(இ) கராஜ் கருவி. ஏ.பி.எஸ். பிரேக், எயார்பாக் என்பவற்றையும் சோதிக்கும். விலை அதிகம். தேவையெனில் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம்.

3. கருவி சொல்லாதது

காய்ச்சல் பார்க்கும் கருவி காய்ச்சல் உண்டு என்று சொல்லும். டெங்குவா, வேறு நோயா என்று சொல்லாது. ஸ்கானரும் அப்படியே. பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது பொருள். காரணம் பிளக், கொயில், இன்ஜெக்டர் அல்லது அமுக்கக் குறைவாக இருக்கலாம்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் இருந்தால், எஞ்சினை நிறுத்தி, முதலாம் இரண்டாம் கொயில்களை இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்து ஓடிப் பாருங்கள். பி0302 வந்தால் பழுது அந்தக் கொயிலில்தான். மீண்டும் பி0301 வந்தால் மற்றக் காரணங்களைத் தேடுங்கள். இதற்குச் செலவில்லை. சோதிக்காமல் புதிய பாகம் வாங்குவதே வீண்செலவு.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பாரம் ஏற்றி ஓட வேண்டாம். எரியாத எரிபொருள் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

4. பழைய வாகனம் வாங்கும்போது

விற்பவர் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்திருக்கலாம். அழித்ததும் கணினியின் சுயபரிசோதனைகள் பல "முடியவில்லை" என்று காட்டும். பற்றரியைக் கழற்றினாலும் இப்படி வரலாம். எனவே இந்த நிலையைக் காட்டும் கருவியையே தெரிவுசெய்யுங்கள். பல பரிசோதனைகள் முடியாதிருந்தால், சில நாட்கள் ஓடிய பின் மறுபடியும் பார்க்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

கலந்துரையாடுவதற்கு:

- எமது கிராமத்தில் கணினி உள்ள வாகனங்கள் எத்தனை?
- தனித்தனியே வாங்குவதா, சங்கமாக ஒன்றை வாங்குவதா நன்று?
- அதைப் பழகவும் பாதுகாக்கவும் இளைஞர் யார் முன்வருவர்?