கறவையும் தீனியும்

பசுவைப் போற்றுதல் நம்மவர் மரபு. ஆயினும், முறையறியாது வளர்ப்பின் பாலுங் குறையும்; பசுவும் நலியும்.

கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்தல் வேண்டும். அத்தொடுகையால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியினின்று ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் குருதியிற் கலந்து, பாலை இறங்கச் செய்கின்றது. அதன் வலு சில நிமிடங்களே நிற்குமாதலின், 7 நிமிடங்களுக்குள் கறந்து முடித்தல் நன்று. பசுவை அடித்தாலும் வெருட்டினாலும் அதிரனலின் சுரந்து பாலை மறிக்கும். எனவே, தடியெடுத்தவன் தன் பாலையே இழக்கின்றான்.

முதற் பீச்சலைத் தனிக்கிண்ணத்திற் கறந்து பார்க்க. திரிந்திருப்பின் மடிநோயென ஐயுற்று, அப்பசுவை ஈற்றிலே கறக்க. கடைப்பாலிற் கொழுப்பு மிகுதி. அதனை மடியில் விடலாகாது.

வைக்கோல் வயிற்றை நிரப்பும். புரதம் மிகக் குறைவு. அக்குறையை வேலியிலுள்ள முள்முருக்கு, சீமைக்கிளுவைக் குழைகளும் எள்ளுப் பிண்ணாக்கும் நீக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீராதலின், தண்ணீர் குறையின் பாலுங் குறையும்.

கருவிலிருக்கும் கன்றுக்குத் தாயின் குருதிவழி நோயெதிர்ப்புப் பொருள்கள் சேர்வதில்லை. கடும்புப்பால் வழியே சேரும். பிறந்து சில மணித்தியாலங்களுள் அதனை ஊட்டாவிடிற் கன்று நோய்க்கிரையாகும். கன்று குடித்த பின்னரே கடும்பு நமக்கு உரியது.

மாணவர்காள்! வகுப்பிற் கற்ற விஞ்ஞானம் தொழுவத்திலும் பயன்படுவதாக.