மடியில் பிள்ளை, கையில் படப்புத்தகம்



அண்மையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன. இரண்டரை வயது மகள் நூலகப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடிவந்தாள். தாய் அதை வாங்கிப் பெரிய மகனிடம் நீட்டி, "தம்பி, நீ வாசிச்சுக் காட்டு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். அவன் இரண்டு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். சின்னவள் புத்தகத்தோடு அப்படியே நின்றாள்.

அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆங்கிலப் படப்புத்தகத்தைத் தமிழில் சொல்லலாம். எழுத்தை விட்டுவிடுங்கள், படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாத வயதில் பிள்ளைக்கு வேண்டியது உங்கள் மடியும் குரலும்தான்.

ஒக்லாந்தில் நடந்த கதை

டொரதி பட்லர் என்பவர் ஒக்லாந்தில் சிறுவர் புத்தகக் கடை நடத்தியவர். பல குறைபாடுகளோடு பிறந்த தன் பேத்தி குஷ்லாவைப் பற்றி 1979இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பிள்ளைக்கு இரவில் நித்திரை இல்லை, பார்வையும் சரியில்லை. புத்தி வளர்ச்சியும் குறைவாய் இருக்கும் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். தாய் தகப்பன் நாலாம் மாதத்திலிருந்தே மடியில் வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். நாலு வயதுக்குள் அவளுடைய அறிவு சராசரிக்கும் மேல் என்று சோதனையில் தெரிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேசத் தெரியாத குழந்தைக்கும் வாசிப்பு வீண்போகாது.

தமிழில் சொன்னால் ஆங்கிலம் கெட்டுப்போகுமா?

கெடாது. "கதை" என்றால் என்ன, "முதல்", "பிறகு", "ஏன்" என்றால் என்ன என்று தமிழில் விளங்கிய பிள்ளை அதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகும். இந்த நாட்டின் பாலர் கல்வித் திட்டமான 'தே ஃபாரிக்கி' (1996, திருத்தம் 2017) வீட்டு மொழியை மதிக்கச் சொல்கிறது. அதனால் பாலர் பள்ளி ஆசிரியரிடம் "வீட்டில் தமிழ்தான்" என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

எப்படித் தெரிவு செய்வது?

1. ஒன்றரை வயது வரை: தடித்த மட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு பெரிய படம் போதும். பந்து, நாய், வாழைப்பழம் என்று பிள்ளை கண்ட பொருளாய் இருக்கட்டும். வாயில் வைக்கும், வைக்கட்டும்.

2. இரண்டு, மூன்று வயது: ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும் புத்தகம். எரிக் கார்லின் பசித்த புழுக் கதையில் (1969) கிழமை நாட்களும் எண்களும் பழங்களும் வரும். தமிழில் சொல்ல நல்ல வசதி.

3. மூன்று வயதுக்கு மேல்: படத்திலேயே கதை ஓடும் புத்தகம். லின்லி டொட்டின் ஹேரி மக்லேரி (1983) இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த நாய். ஒவ்வொரு நாயாய்ச் சேர்ந்து நடக்கும், கடைசியில் ஒரு பூனைக்குப் பயந்து எல்லாம் வீட்டுக்கு ஓடும். ஆங்கிலச் சந்தம் தமிழில் வராது. குரைத்துக் காட்டுங்கள், பிள்ளை சிரிக்கும்.

4. எந்த வயதுக்கும்: முதலில் நீங்கள் தனியாய்ப் புரட்டிப் பாருங்கள். தாயைத் தொலைத்த குட்டி, எரிகிற வீடு போன்ற படங்கள் எங்கள் சிலருக்குப் பழையதைக் கிளறிவிடும். மனம் கலங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

சொல்லும் முறை

நான் படிப்பித்தவள். "இது என்ன? அது என்ன?" என்று சோதனை வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அதைக் குறையுங்கள். பிள்ளை காட்டும் படத்தைப் பற்றிக் கதையுங்கள். "அம்மம்மா வீட்டிலும் இப்படி ஒரு மாமரம் நின்றது" என்று உங்கள் கதையையும் சேருங்கள். ஒரே புத்தகத்தைப் பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் சொல்லுங்கள். பிள்ளை எழும்பி ஓடினால் விட்டுவிடுங்கள். அப்பாமாரும் சொல்லலாம், இது அம்மாவின் வேலை மட்டும் இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

ஒக்லாந்து நூலகங்களில் அங்கத்துவம் இலவசம். பிந்திக் கொடுத்தால் தண்டம் கட்டும் முறை 2021 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. தொலைத்தால் மட்டும் விலை கேட்பார்கள், அதனால் புத்தகங்களை ஒரே பையில் வையுங்கள். சிறுவருக்கான கதை நேரமும் இலவசம். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் நூலகரிடம் கேளுங்கள். கைபேசியில் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் காசில்லாமல் வாசிக்கலாம்.

இந்தக் கிழமைக்கு வீட்டுவேலை: ஒரு புத்தகம், இரவில் பத்து நிமிடம், தமிழில். அங்கத்துவப் படிவம் நிரப்பப் பயமாய் இருந்தால் எங்களிடம் வாங்கோ, நானே கூட வருகிறேன்.

அந்தத் தாய் அன்றைக்கே தொடங்கிவிட்டார். வாசலில் நான் சப்பாத்துப் போடும்போது உள்ளே நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. குரைத்தது அம்மா.