அழையாத விருந்தாளி

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் நம் வீடுகளுக்கு அழையாத விருந்தாளி ஒருவர் வந்துவிடுவார். காலையில் குளியலறைத் தரையிலும் அடுப்படிச் சுவரிலும் வெள்ளிக்கோடு போல மினுமினுக்கும் தடமே அவர் வந்து சென்றதற்கு அடையாளம். அவர்தாம் ஓடில்லா நத்தை.

இதனை அட்டை என்றும் புழு என்றும் பலர் எண்ணுவர். உண்மையில் நத்தை, சிப்பி, ஆக்டோபஸ் போல இதுவும் மெல்லுடலிகள் தொகுதியைச் சேர்ந்தது. கறுத்த உடலும் முதுகின் நடுவே வெளிறிய கோடும் கொண்டு நம் தோட்டங்களில் காணப்படும் இனத்தின் தாயகம் ஆப்பிரிக்கா.

இது வீட்டிற்குள் வருவது ஏன்? ஓடு இல்லாததால் இதன் உடல்நீர் எளிதில் வற்றிவிடும். ஆகவே பகலில் கல், பூந்தொட்டி, மட்கிய இலை இவற்றின் அடியில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். பதுங்குமிடத்தில் மழைநீர் தேங்கினால் மேட்டை நாடி ஊர்ந்து வரும். சாக்கடைக் குழாயும் கதவிடுக்கும் இதற்கு வாசல்கள். இரவில் மூடாமல் வைத்த காய்கறித் தோலும், பூனைக்கு வைத்த சோறும் இதனை உள்ளே அழைக்கின்றன.

இது அருவருப்பு மட்டுமன்று, ஆபத்தும்கூட. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்புழுக்கள், எலி எச்சத்தின் வழியாக இதன் உடலில் புகுந்து வளர்கின்றன. சரியாகக் கழுவாத பச்சைக் கீரையோடு சிறு நத்தையை அறியாமல் தின்றாலும் அப்புழு நம் மூளையைத் தாக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் 2010-ஆம் ஆண்டு விளையாட்டாக ஒன்றை விழுங்கிய இளைஞர், கைகால் செயலிழந்து 2018-இல் உயிரிழந்தார்.

இனித் தடுக்கும் வழிகளைக் காண்போம்.

1. சாக்கடைத் துளைக்கு நெருக்கமான வலையும், கதவடியில் ரப்பர்ப் பட்டையும் பொருத்த வேண்டும்.

2. இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவி, குப்பைக் கூடையை மூடி, தரையை உலரத் துடைக்க வேண்டும்.

3. சுவரை ஒட்டிய செங்கல், பலகை, பூந்தொட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும்.

4. மாலையில் தோட்டத்தில் ஈரக் கோணிச்சாக்கை விரித்தால், விடியலில் அதனடியில் நத்தைகள் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து உப்புநீர் வாளியில் போடலாம். சவ்வூடு பரவலால் உடல்நீரை இழந்து அவை மடியும். மண்ணில் உப்பைத் தூவினாலோ செடிகள்தாம் கெடும்.

5. கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் அலசி, நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

மட்கிய இலைகளைத் தின்று மண்ணுக்கு உரமாக்கும் இவ்வுயிருக்கும் இறைவன் படைப்பில் ஓர் இடமுண்டு. அது தோட்டமே தவிர நம் அடுப்படியன்று. ஆகவே தோழியரே, இம்மழைக்காலத்தில் நம் அன்னையர் மட்டுமே துடைக்கட்டும் என்றிராமல், இரவு உறங்குமுன் அடுப்படித் தரையை உலர்த்தும் பணியை நாமே ஏற்போம்.