தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்தால்

பெருநாள் காசில் பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருபவற்றில் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு தங்கமீன்களும் இப்போது சேர்ந்துவிட்டன. வாங்கி வந்த சில நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல" என்று ஒருவர் ஒரு சிட்டிகை தீனி போடுவார். சற்று நேரத்தில் இன்னொருவரும் போடுவார். மறுநாள் காலையில் மீன் செத்து மிதக்கும், பிள்ளை அழும். பெரும்பாலும் அந்த மீன் மேலே வந்தது தீனிக்காக அல்ல, மூச்சுக்காக.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் செவுள் வழியாக எடுக்கிறது. வீட்டுத் தொட்டியில் அது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே தண்ணீருக்குள் இறங்குகிறது. அதனால் மூச்சு முட்டும் மீன், ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருக்கும் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொள்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர்க் கோடையில் அறைக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. தங்கமீனோ கெண்டை இனத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீன். சூடு ஏற ஏற அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, தண்ணீரிலோ குறைகிறது.

பசியையும் மூச்சுத் திணறலையும் பிரித்தறிவது கடினமல்ல. பசித்த மீன் நம்மைக் கண்டதும் உடலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். நாம் நகர்ந்தால் கீழே போய்விடும். திணறும் மீன் யாரும் இல்லாதபோதும் மேலேயே நிற்கும். செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொள்ளும். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் அப்படி நின்றால் சந்தேகமே வேண்டாம். தொட்டியில் செடிகள் இருந்தால் விடியற்காலையில் கவனியுங்கள். வெளிச்சத்தில் ஆக்சிஜன் தரும் செடிகள், இரவில் அதை எடுத்துக்கொள்ளும். (ஃபைட்டர், கௌராமி மீன்களுக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. அவை அவ்வப்போது மேலே வருவது இயல்பு.)

திணறும் மீனுக்குத் தீனி போடுவது இருக்கிற நிலையையும் கெடுக்கும். தின்னாத தீனி அழுகும்போது நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. அழுகலிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா சேர்ந்து செவுளை அரிக்கிறது. அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். "ஏர் பம்ப் ஓடுகிறதே, பிறகு ஏன் திணறுகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான். அப்போது காற்று மட்டும் போதாது, தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது: தீனியை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு சூடுள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் செவுளுக்குக் கேடு. ஆகவே திறந்த வாளியில் ஒரு நாள் வைத்த தண்ணீரை எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது. அவசரத்துக்கு மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்து உதவும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கலாம். அதையும் வாளியில் நன்றாகக் கலக்கி, ஆறவிட்டே ஊற்றுங்கள். கரண்ட் போய்விட்டால் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, சற்று உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மேற்பரப்பு கலங்கினால் ஆக்சிஜன் உள்ளே இறங்கும். பம்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது. குமிழிகள் அடித் தண்ணீரை மேலே தள்ளிப் பரப்பைக் கலக்குகின்றன.

உருண்டைக் கிண்ணத்தில் கழுத்து வரை தண்ணீர் நிரப்புவது பலருக்கும் வழக்கம். மேலே குறுகக் குறுக, காற்றுப் படும் பரப்பும் குறைகிறது. வயிறு அகன்ற இடம் வரை மட்டும் நிரப்புங்கள். உண்மையில் கிண்ணமே தங்கமீனுக்கு ஏற்றதல்ல. வளர்ந்தால் ஒரு சாண் வரக்கூடிய மீன் அது. நீள அகலம் உள்ள தொட்டிதான் வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் அம்மோனியாவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.